சித்தியின் ஆயிரம் ரூபாயும் மாநில பட்ஜெட்டும்

போன வெள்ளிக்கிழமை (மார்ச் 14, 2025) நிதியமைச்சர் தங்கம் தென்னரசு சட்டப்பேரவையில் 2025-26ஆம் ஆண்டுக்கான நிதிநிலை அறிக்கையை வாசித்து முடித்தார். முடித்த கொஞ்ச நேரத்தில் சித்தியிடமிருந்து போன்.

"ஏப்பா, விட்டுப்போனவங்களுக்கும் மாசம் ஆயிரம் ரூபா தரப்போறாங்களாம்ல? டிவியில சொன்னாங்க. எனக்கு வருமா வராதா? நீதான் எப்பப் பாத்தாலும் பட்ஜெட்டு பட்ஜெட்டுன்னு உக்காந்து படிக்கிறியே, பாத்துச் சொல்லு."

சித்தி வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். இரண்டு கிரைண்டர், ஒரு பிரிட்ஜ், எல்லாம் வீட்டு மீட்டரிலேயே ஓடுகிறது. 2023-ல் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் போட்டபோது "ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பயன்படுத்துகிறீர்கள்" என்று நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீடும் போட்டுப் பார்த்தாயிற்று. (மாவுக்குத் தனியாக வணிக இணைப்பு வாங்கியிருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் பேச வராதீர்கள். அவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் கட்டுப்படியாகாது.)

கேள்வி சின்னது. ஆனால் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல உட்கார்ந்தால் முழு பட்ஜெட்டையும் ஒரு சுற்று சுற்றி வர வேண்டியிருக்கிறது. இந்தப் பதிவு அந்தச் சுற்றுதான்.

முதலில் ஒன்று. பட்ஜெட் என்றால் பலரும் பட்ஜெட் உரையைத்தான் நினைக்கிறோம். உரையில் எல்லா அறிவிப்புக்கும் ஏறக்குறைய ஒரே நேரம், ஒரே கைதட்டல். காலை உணவுத் திட்டத்துக்கு 600 கோடி என்று சொல்லும்போது மேசை தட்டுகிறார்கள். அந்த 600 கோடி மொத்த வருவாய்ச் செலவில் 0.16 சதவீதம். திட்டம் நல்ல திட்டம்தான், காசுக்கேற்ற பலன் இதைவிட அதிகம் தருகிற திட்டம் வேறு இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம். ஆனால் உரையைக் கேட்டுவிட்டு அரசின் பணம் எங்கே போகிறது என்று ஊகித்தால் தப்பாகத்தான் வரும். பணம் இருக்கும் இடம் உரையோடு சேர்த்து வைக்கப்படும் மற்றப் புத்தகங்கள்: ஆண்டு நிதிநிலை அறிக்கை, துறைவாரியான மானியக் கோரிக்கைகள், இடைக்கால நிதிநிலைத் திட்டம். எல்லாம் நிதித்துறை இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

சரி, சித்தி விஷயத்துக்கு வருவோம். உரிமைத் தொகைக்கு ஒதுக்கியிருப்பது 13,807 கோடி ரூபாய். 2025 மார்ச்சில் பெற்றுவந்தவர்கள் 1.15 கோடி பேர். ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 12,000 ரூபாய். பெருக்கிப் பாருங்கள்: 13,800 கோடி. மிச்சம் 7 கோடி.

அதாவது, தகுதி இருந்தும் விடுபட்டவர்கள் விண்ணப்பிக்க விரைவில் வாய்ப்பு தரப்படும் என்று உரை சொல்கிறது. ஆனால் ஒதுக்கீடு ஏற்கெனவே வாங்குகிறவர்களுக்குத்தான் காணும். புதிதாக 10 லட்சம் பேரைச் சேர்த்தால் முழு வருடத்துக்கு 1,200 கோடி வேண்டும். அந்த 1,200 கோடி எந்தப் பக்கத்திலும் இல்லை.

இதைப் பார்த்ததும் "ஏமாத்துறாங்க" என்று ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டாம். வருட நடுவில் துணை மானியக் கோரிக்கை வைத்துப் பேரவையில் கூடுதல் பணம் வாங்கிக்கொள்ளலாம், எல்லா அரசும் செய்வதுதான். ஆனால் அப்படி வாங்கும் பணமும் எங்கிருந்தாவது வர வேண்டும். எங்கிருந்து?

இங்கேதான் எனக்குப் பழக்கமான ஒரு குறுக்குவழி. லட்சம் கோடிகளைப் பார்த்தால் தலை சுற்றும். அதனால் அரசின் மொத்த வருவாயை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, வீட்டுக் கணக்கு மாதிரி எழுதிப் பார்ப்பேன்.

2025-26-ல் எதிர்பார்க்கும் வருவாய் வரவு 3,31,569 கோடி. இதை 100 ரூபாய் என்று வைத்தால், அதில் சுமார் 67 ரூபாய் மாநிலத்தின் சொந்த வரி, 9 ரூபாய் கட்டணம், குத்தகை போன்ற வரி அல்லாத வரவு. ஒன்றிய அரசு வசூலிக்கும் வரியில் நம் பங்கு 17 ரூபாய் சொச்சம், ஒன்றிய மானியம் 7 ரூபாய். கடைசி இரண்டும் நம் கையில் இல்லை. பதினைந்தாவது நிதி ஆணையம் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த பங்கு 4.079 சதவீதம். நாட்டின் மக்கள்தொகையில் நம் பங்கு 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. மானியத்திலும், சமக்ர சிக்ஷாவுக்கு வர வேண்டிய 2,152 கோடி தேசியக் கல்விக் கொள்கைத் தகராறில் வராமல் நின்று, மாநிலமே சொந்தப் பணத்தைப் போட்டு ஓட்ட வேண்டியதாகிவிட்டது. இந்த வழக்கை எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், நியாயமும் இருக்கிறது. ஆனால் சித்தியின் கேள்விக்கு விடை முக்கியமாக நம் கையில் இருக்கிற 67 ரூபாயில்தான் இருக்கிறது.

அந்த 67 ரூபாயில் பெரும்பகுதி வணிகவரி, அதாவது ஜிஎஸ்டியும், பெட்ரோல், டீசல், மது மீதான மதிப்புக் கூட்டு வரியும். அடுத்து பத்திரப்பதிவு, வாகன வரி, ஆயத்தீர்வை. ஆயத்தீர்வை என்று தனியாகப் போட்டிருப்பது 12,944 கோடிதான். அதைப் பார்த்துவிட்டு "டாஸ்மாக் வருமானம் அவ்வளவு ஒண்ணும் இல்லையே" என்று ஏமாறக் கூடாது. மதுவின் பெரிய வரி, வணிகவரிக்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் 2023-24-ல் டாஸ்மாக் மூலம் வந்தது சுமார் 45,856 கோடி. சொந்த வரியில் ஏறத்தாழ கால் பங்கு. உரிமைத் தொகையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். எங்கள் தெருவில் ஆயிரம் ரூபாய் எந்த வீட்டுக்குள் போகிறது, அதே வீட்டிலிருந்து மாதம் எவ்வளவு வெளியே போகிறது என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதவில்லை.

இப்போது செலவு. அதே 100 ரூபாய் வருவாயை வைத்துப் பார்ப்போம். சம்பளம் 27 ரூபாய். ஓய்வூதியம் 12 ரூபாய் 50 காசு. வட்டி 21 ரூபாய். இந்த மூன்றையும் எந்தக் கட்சி வந்தாலும் மறுநாளே குறைக்க முடியாது. சேர்த்தால் 61 ரூபாய் போயிற்று. அடுத்தது மானியங்களும் நிதி மாற்றங்களும். ரேஷன் அரிசி, பம்புசெட்டுக்கும் வீட்டுக்கும் இலவச மின்சாரம், பெண்களின் பேருந்துப் பயணம், முதியோர் ஓய்வூதியம், உரிமைத் தொகை, உள்ளாட்சிகளுக்குப் போகும் பணம் எல்லாம் இதில். இது 46 ரூபாய். ஆக மொத்தம் 107.

நூறு ரூபாய் வருமானத்தில் நூற்றேழு ரூபாய் செலவாகிவிட்டது. இன்னும் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கவில்லை. போலீஸ் ஜீப்புக்கு டீசல் போடவில்லை. பள்ளிக்கூடத்துக் கூரை ஓட்டை அடைக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் மிஞ்சும் வரிசை இயக்குதல்–பராமரிப்பு. அதற்கு 5 ரூபாய். மொத்த வருவாய்ச் செலவு 3,73,204 கோடியில் சுமார் 17,000 கோடி.

இந்த 5 ரூபாயில்தான் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். வட்டியைக் கட்டாமல் இருக்க முடியாது. சம்பளத்தை நிறுத்த முடியாது. கொடுத்துப் பழகிய உதவியை நிறுத்தினால் அடுத்த தேர்தலில் தெரியும். நெருக்கடி வந்தால் சத்தமில்லாமல் சுருங்கக்கூடியது இந்தப் பராமரிப்பு வரிசை ஒன்றுதான். தூர் வாராத கண்மாய்க்கும் நின்றுபோன ஜெனரேட்டருக்கும் தண்ணீர் வராத கழிவறைக்கும் சங்கம் கிடையாது, ஊர்வலம் போகாது. சித்தி பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம் போகும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் "இந்த மாசம் பதினஞ்சு நாளைக்குத்தான் மாத்திரை இருக்கு, மீதிய வெளிய வாங்கிக்கோங்க" என்று சொன்னால், அது எந்தத் தொலைக்காட்சியிலும் செய்தி ஆகாது. ஒரு அரசு எதற்கு முன்னுரிமை தருகிறது என்று பார்க்க நான் புதுத் திட்டங்களைப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே கட்டியதை ஓட்ட என்ன வைத்திருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன். அந்தக் கணக்கில் இந்த பட்ஜெட்டுக்கு என்னால் நல்ல மதிப்பெண் போட முடியவில்லை. முந்தைய அரசுகளுக்கும் போட்டதில்லை.

ஆக 100 ரூபாய் வரவு, 112 ரூபாய் 50 காசு செலவு. அந்தப் பன்னிரண்டரை ரூபாய்தான் வருவாய்ப் பற்றாக்குறை: 41,635 கோடி. சாலை, பாலம், கட்டடம், மெட்ரோ போன்ற மூலதனச் செலவுக்கு 57,231 கோடி, கடன் கொடுக்கல் வாங்கலில் நிகரமாக 8,097 கோடி. எல்லாம் சேர்த்து நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி, மாநில உற்பத்தி மதிப்பில் சரியாக 3 சதவீதம். இதுதான் இந்த வருடம் புதிதாக வாங்கும் நிகரக் கடன் என்று ஏறக்குறைய சொல்லலாம்.

கடனைப் பற்றி எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வருடா வருடம் ஒரு தகவல் சுற்றும்: "தமிழ்நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் லட்சத்துச் சொச்சம் கடனோடு பிறக்கிறது." 2026 மார்ச்சில் மொத்தக் கடன் 9,29,959 கோடியாக இருக்கும் என்பது அரசே சொல்லும் கணக்கு. ஆளுக்கு வகுத்தால் அந்தத் தொகை வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் குழந்தைக்குப் பங்காக வரும் ரோடு, மின்நிலையம், கல்லூரி ஆகியவற்றை யாரும் வகுப்பதில்லை. மாதம் ஒரு லட்சம் சம்பாதிப்பவர் 20 லட்சம் வீட்டுக் கடன் வைத்திருப்பதும் பதினைந்தாயிரம் சம்பாதிப்பவர் வைத்திருப்பதும் ஒன்றா? அதனால்தான் கடனை உற்பத்தி மதிப்போடு ஒப்பிடுகிறார்கள். நம்முடையது 26.07 சதவீதம். பயப்படுகிற அளவு இல்லை.

பயப்பட வேண்டிய எண் வேறு. வாங்கும் கடன் எதற்குப் போகிறது? நிகரக் கடன் 100 ரூபாய் என்றால் அதில் 39 ரூபாய் அன்றாடச் செலவுக்கே போகிறது. வீடு கட்ட வாங்கிய கடனில் ஐந்தில் இரண்டு பங்கு மளிகைக் கடைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மளிகை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த அரிசி தீர்ந்த பிறகும் வட்டி தீராது. இன்றைக்கு வட்டிக்கு மட்டும் 70,754 கோடி கட்டுகிறோம். மூலதனச் செலவைவிட இது அதிகம். உரிமைத் தொகையைப் போல ஐந்து மடங்கு. "இலவசம்தான் மாநிலத்தைக் கெடுக்குது" என்று சொல்லும் மாமாக்களுக்கு இந்த ஒரு வரியைத்தான் நான் அனுப்புவது. உரிமைத் தொகையை நாளைக்கே முழுதாக நிறுத்தினாலும் வருவாய்ப் பற்றாக்குறையில் மூன்றில் ஒரு பங்குதான் குறையும்.

அரசின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2013-14 முதல் ஒரு வருடம் விடாமல் இந்தப் பற்றாக்குறை இருந்து வருகிறது. 2021 ஆகஸ்டில் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை 2020-21-ன் பற்றாக்குறையை 61,320 கோடி என்று காட்டியது. அது கொரோனா வருடம், உண்மைதான். அங்கிருந்து இப்போது 41,635 கோடிக்கு, உற்பத்தி மதிப்பில் 1.17 சதவீதத்துக்கு, இறங்கியிருக்கிறது. உரிமைத் தொகை மாதிரி ஒரு பெரிய செலவைச் சேர்த்துக்கொண்டும் இறங்கியிருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் "இறங்கியிருக்கிறது" என்பதா, "இறங்கும் என்று எழுதியிருக்கிறது" என்பதா? பட்ஜெட் புத்தகங்களில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நாலு எண்கள் இருக்கும்: முந்தைய ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, போன வருட பட்ஜெட் மதிப்பீடு, அதன் திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு. செய்தித்தாளில் வருவது நாலாவது மட்டும். நடந்த கதை மற்ற மூன்றிலும் இருக்கிறது.

2024-25-க்கு சொந்த வரி 1,95,173 கோடி வரும் என்றார்கள். திருத்த மதிப்பீட்டில் 1,92,752 கோடி ஆயிற்று. மூலதனச் செலவு 47,681 கோடி என்று எழுதியது 46,766 கோடி ஆயிற்று. வருவாய்ப் பற்றாக்குறையோ 49,279 கோடியிலிருந்து 46,467 கோடிக்குக் குறைந்துவிட்டது. வரவு குறைந்தும் பற்றாக்குறை எப்படிக் குறையும்? செலவு செய்வதாகச் சொன்னதில் ஏறக்குறைய 8,000 கோடி செலவாகவில்லை, அப்படித்தான். சிக்கனமா, வெட்டா, பணம் போய்ச் சேராததா என்பது துறை துறையாகப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது நாலாவது எண்ணுக்கு வாருங்கள். வரும் ஆண்டு சொந்த வரி 2,20,895 கோடியாம், 14.6 சதவீத வளர்ச்சி. மூலதனச் செலவு 22.4 சதவீதம் கூடுமாம். பற்றாக்குறை குறையுமாம். மூன்றும் ஒன்றாக நடக்க வேண்டுமென்றால் வரி அந்த வேகத்தில் வந்தே ஆக வேண்டும். வராது என்று நான் சொல்லவில்லை, மாநிலப் பொருளாதாரம் நன்றாகத்தான் வளர்கிறது. ஆனால் வரி வளர்ச்சி 10 சதவீதத்தில் நின்றால் துண்டு விழுவது 8,800 கோடிக்கு மேல். அப்போது எதை வெட்டுவார்கள் என்று மேலே சொன்ன 5 ரூபாய் வரிசையைப் பார்த்தாலே தெரியும். அதுவும் போதாவிட்டால் பாலம்.

இடையில் ஒன்று. வேளாண் பட்ஜெட் 45,661 கோடி என்று சனிக்கிழமை தனியாக வாசித்தார்களே, அது இதன் மேல் கூடுதல் பணம் இல்லை. பம்புசெட் மின்சாரம் உள்பட பல துறைகளில் விவசாயத்துக்குப் போகும் பணத்தை எடுத்து ஒரே இடத்தில் அடுக்கிக் காட்டுவது. இரண்டையும் கூட்டிப் பதிவு போட்டிருந்த ஒரு நண்பருக்காக இதைச் சொல்கிறேன்.

மறுபடி 46 ரூபாய் வரிசைக்கு. சித்தியின் 1,200 கோடிக் கேள்விக்கு என் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். உரிமைத் தொகைக்கு எத்தனை வடிகட்டி! குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், கார் கூடாது, மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள். சரி, இருக்கட்டும். ஆனால் 2016-லிருந்து எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். இதற்கு வடிகட்டி ஒன்றுகூடக் கிடையாது. கிரைண்டர் ஓட்டி 3,600 யூனிட் தாண்டியதால் சித்திக்கு ஆயிரம் ரூபாய் இல்லை. நாலு ஏசி ஓட்டி மாதம் 1,000 யூனிட் எரிக்கும் வீட்டுக்கும் அந்த முதல் 100 யூனிட் இனாம். ஒரே அரசு, ஒரே மீட்டர், இரண்டு நியாயம்.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல் போகும் வீடுகளுக்கு மட்டும் இந்த 100 யூனிட்டை எடுத்துவிட்டால் என்ன மிச்சமாகும் என்று கணக்குப் போட வேண்டும். என் வீடும் அதில் வரும். கோடையில் கண்டிப்பாக வரும். இதைத் தேர்தலுக்கு ஒரு வருடம் முன்னால் எந்த நிதியமைச்சரும் செய்ய மாட்டார், எதிர்க்கட்சியும் கேட்காது. ஏனென்றால் கேட்பவர்கள், எழுதுபவர்கள், தொலைக்காட்சியில் விவாதிப்பவர்கள் எல்லோரும் அந்த 500 யூனிட்டுக்கு மேற்பட்ட ஆட்கள்.

ஞாயிற்றுக்கிழமை சித்திக்குப் போன் போட்டேன்.

"சித்தி, விண்ணப்பம் வாங்குவோம்னு சொன்னது நெசம்தான். ஆனா அதுக்குப் பணம் இன்னும் எழுதி வைக்கல."

"எழுதாம எப்படித் தருவாங்க?"

"நடுவுல எழுதிக்குவாங்க. அடுத்த வருசம் எலக்சன்ல, அதனால எழுதிருவாங்கன்னுதான் தோணுது. ஆனா உங்க கதை வேற. அந்த 3,600 யூனிட்டு விதிய எடுக்குறோம்னு யாரும் சொல்லல. விதி அப்படியே இருந்தா நீங்க திரும்பப் போட்டாலும் அதே பதில்தான் வரும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

"அப்ப கிரைண்டருக்குத் தனி மீட்டரு போட்டுட்டா?"

அதற்கு வைப்புத்தொகை, மாத நிலைக்கட்டணம், வணிக விகிதம் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மாதம் ஆயிரத்துக்குள் வந்தால் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.